தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்த ப்ரோசன் கடை

வாங்குகிற சாமானின் எடையைப் பார்ப்பதற்கு முன்னால் அதன் குளிரைப் பார்க்கச் சொன்ன முதல் கடை இதுதான். ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில் இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை இங்கே வாங்குகிறேன். வெயில் காலம், மழைக்காலம், கரண்ட் இல்லாத நாள், லோடு வராத நாள் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பெருந்துறையில் மெஸ் நடத்துகிறேன். சிப்காட்டில் வேலை செய்யும் பையன்கள், பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் என்று 140 பேர் சாப்பிடுகிறார்கள். பாதிப் பேர் ஒடிசா, பீகார். கேரளப் பிள்ளைகளும் உண்டு. வாரத்துக்குப் பட்டாணி 12 கிலோ, ஸ்வீட் கார்ன் 4 கிலோ, பரோட்டா 25 பாக்கெட், எலும்பில்லாத கோழி 18 கிலோ, மாதம் இரண்டு தடவை மீன். இவ்வளவும் ப்ரோசன்தான். "பல்லடமும் நாமக்கல்லும் கூப்பிடு தூரத்துல இருக்குது, உனக்கு ஐஸ் கோழி எதுக்கு?" என்று என் மாமியார் இன்றைக்கும் கேட்பார். குழம்புக்கு நான் அன்றன்றைக்கு அறுத்த கோழிதான் வாங்குகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சில்லிக்கு 18 கிலோவை எலும்பெடுத்து ஒரே அளவாக வெட்டித் தருவதற்கு எங்கள் கறிக்கடைக்காரருக்குக் கை போதாது. ப்ரோசன் என்றாலே பழசு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஒழுங்காக உறைய வைத்து, ஒழுங்காகக் கொண்டு வந்து சேர்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் 'கொண்டு வந்து சேர்ப்பது' எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2024 மே முதல் வாரம். ஈரோட்டில் வெயில் 40 டிகிரிக்கு மேல் காய்ந்துகொண்டிருந்தது. அப்போது நான் வேறொருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றரை மணிக்கு வண்டி வந்தது. ப்ரீசர் வண்டியின் கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை போலக் குளிர் காலில் கொட்ட வேண்டும். அன்றைக்குத் திறந்தபோது ஈர அட்டைப் பெட்டி வாசம்தான் வந்தது. பட்டாணிப் பாக்கெட்டை எடுத்துக் குலுக்கினேன். நல்ல பட்டாணி சோழி மாதிரி கலகலவென்று உருளும். இது அச்சு வெல்லம் மாதிரி ஒரே கட்டி. பரோட்டா ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் தாள் மாவோடு சேர்ந்து கிழிந்து வந்தது. கோழிப் பாக்கெட்டின் ஓரங்கள் விரலுக்கு அமுங்கின. பாக்கெட் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் இறங்கி, அதுவே திரும்ப உறைந்து ஒரு தகடு மாதிரி நின்றது. அப்படியென்றால் அந்தக் கோழி ஏற்கெனவே ஒரு தடவை இளகி, மறுபடியும் உறைந்திருக்கிறது. இப்போது இரண்டாம் தடவையாக இளகுகிறது.

"ஏன் தம்பி, மிசின் ஓடலையா?" என்று கேட்டேன்.

"பெருமாநல்லூர் வரைக்கும் ஓடுச்சுங்க்கா. அப்புறம் டீசல் பத்தாதுன்னு ஓனரு அமத்தச் சொல்லிட்டாருங்க."

ஓனருக்குப் போன் போட்டேன். "ரெண்டு மணி நேரம் உங்க ப்ரீசர்ல வைங்க, கல்லு மாதிரி ஆயிரும்" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஆகத்தான் ஆகும். எனக்குப் பயமே அதுதான். அதற்கு முந்தின வருடம் நான் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அங்கே சொன்னதில் என் மனதில் நின்றது இது: உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, தூங்கத்தான் செய்கிறது. 5 டிகிரிக்கு மேல் ஏறினால் எழுந்து பெருக ஆரம்பிக்கும், 60 டிகிரி வரைக்கும் அதற்குக் கொண்டாட்டம். பெருகிய பிறகு மறுபடி உறைய வைத்தால், பெருகியது பெருகியபடியே தூங்கும். மேலே பார்த்தால் கல். உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. சில கிருமிகள் விட்டுவிட்டுப் போகிற நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. 140 பேர் என் சாப்பாட்டை நம்பி இருக்கிறார்கள், அதில் பலர் தாய் தகப்பனை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தவர்கள். கோழியையும் பரோட்டாவையும் எங்கள் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. அந்த வண்டிக்கு உரிமம் இருந்ததா என்று நான் கேட்கவில்லை. புகாரும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டும். இப்போதும் அது உறுத்துகிறது.

அடுத்த வாரம்தான் இந்தக் கடைக்கு வந்தேன். கடைக்காரருக்கு அறுபதை ஒட்டிய வயது. முன்பு ஐஸ் பேக்டரியில் அம்மோனியா கம்ப்ரசர் ஓட்டியவர். கோழி வேண்டும் என்றதும் ஒரு ப்ரீசர் பெட்டியைத் திறந்து இரண்டு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். தராசில் வைப்பார் என்று பார்த்தால், ஊசி வைத்த தெர்மாமீட்டர் ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"எடை அப்புறம் போட்டுக்கலாமுங்க அம்மிணி. மொதல்ல இதப் பாருங்க."

பாக்கெட்டை ஓட்டை போடக் கூடாது. இரண்டு பாக்கெட்டை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் ஊசியைச் செருகி, மேலே கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். எண் 29ல் ஆரம்பித்துச் சரசரவென்று இறங்கியது. பூஜ்யத்தைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. மைனஸ் 8, மைனஸ் 13, மைனஸ் 16. விரல் மரத்துப்போய் பாக்கெட்டில் ஒட்டத் தொடங்கியது. மைனஸ் 19.2ல் நின்று அசையவில்லை. "இப்பப் போடுங்க எடை" என்று சிரித்தார்.

உறைந்த சாமான் மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும் என்பது அவராகக் கண்டுபிடித்த கணக்கு கிடையாது. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் 2011ல் வந்த உரிம ஒழுங்குமுறைகளில் நான்காவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. மெஸ் நடத்துகிற எனக்கும், விற்கிற அவருக்கும், ஏற்றி வருகிற வண்டிக்காரருக்கும் சுத்தம், சுகாதாரம் பற்றிய விதிகள் அதில்தான் இருக்கின்றன. உறைந்த உணவுக்கு மைனஸ் 18 டிகிரி அல்லது அதற்கும் கீழே, குளிரூட்டி வைக்கிற உணவுக்கு 5 டிகிரி அல்லது அதற்கும் கீழே. உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கிற கோடெக்ஸ் அமைப்பு உறைந்த உணவுக்கு 1976லேயே எழுதி வைத்த நடைமுறையிலும் இதே மைனஸ் 18தான். வண்டியில் வரும்போதும் கடைப் பெட்டியில் இருக்கும்போதும் கொஞ்ச நேரத்துக்கு மைனஸ் 12 வரை ஏறினால் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் சீக்கிரம் திரும்ப இறக்கிவிட வேண்டும் என்று அதில் ஒரு சலுகை இருக்கிறது. இதை எனக்குச் சொன்னதும் கடைக்காரர்தான். மைனஸ் 12ஐத் தாண்டிச் சூடேறிய எதையும் அவர் உள்ளே விடுவதில்லை.

சில கடைகளில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காட்டி 'பாருங்க, மைனஸ் 20' என்பார்கள். அது மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். பளபளப்பான கவராக இருந்தால் அதையும் தப்பாகக் காட்டும். பெட்டியின் முகப்பில் ஒளிர்கிற சிவப்பு எண்ணும் உள்ளே இருக்கிற காற்றின் கணக்குதான், கோழியின் கணக்கு இல்லை. பனி கரைக்க மிசின் தானாகக் கொஞ்ச நேரம் நிற்கும்போது அந்த எண் ஏறும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். நல்ல எண்ணைப் பார்த்து நம்பிவிடவும் வேண்டாம். இந்தக் கடையில் காற்றின் கணக்கு, சாமானின் கணக்கு இரண்டையும் எழுதி வைக்கிறார்கள்.

எழுதி வைக்கிறார்கள் என்றேன் இல்லையா, அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீளமான கணக்கு நோட்டு, கல்லாப் பெட்டி பக்கத்தில் நூலில் கட்டித் தொங்குகிறது. யார் வேண்டுமானாலும் புரட்டலாம். காலை 6, மதியம் 2, இரவு 9 என்று ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று வேளைக் கணக்கு. நான் புரட்டியபோது ஒரு நாள் மூன்றாம் பெட்டிக்கு 'மைனஸ் 14, ப்ளக் லூஸ், 40 நிமிடம், சரி செய்தது' என்று எழுதியிருந்தது. அடித்து மறைக்கவில்லை, தாளைக் கிழிக்கவில்லை. எல்லா நாளும் மைனஸ் 20 என்று ஒரே கையெழுத்தில் ஒரே மையில் நிரப்பிய நோட்டை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்ததையும் எழுதிய இந்த நோட்டை அதனால்தான் நம்புகிறேன்.

கடைக்குள் ஆறு பெட்டிகள், பின்னால் ஒரு சின்ன கோல்டு ரூம். பட்டாணி, கார்ன், பரோட்டா தனியே. கோழி, மீன் தனியே. பெட்டி, கரண்டி, கையுறை, துடைக்கிற துணி எல்லாம் வேறு வேறு. நம் பக்கம் கவுச்சி சாப்பிடாத குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எந்தப் பெட்டியிலும் உள்ளே போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு மேலே சாமான் ஏறாது. அந்தக் கோட்டுக்கு மேலே குளிர் நிற்காது, மேலே கிடக்கிற பாக்கெட்டுதான் முதலில் இளகும். எத்தனையோ சூப்பர் மார்க்கெட்டில் அம்பாரமாகக் குவித்து, கண்ணாடிக் கதவு மூடாமல் ஐஸ்கிரீம் முட்டிக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கரண்ட் விஷயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணியிலிருந்து மாலை 5 மணி வரை நிறுத்துகிற நாளில் ஒரு தடவை போனேன். ஜெனரேட்டர் கோல்டு ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இருக்கிற கண்ணாடி மூடிப் பெட்டிகள் மேல் பவானி ஜமுக்காளத்தை நான்காக மடித்துப் போர்த்தியிருந்தார்கள். 'கரண்ட் வரும் வரை பெட்டி திறக்க மாட்டோம்' என்று அட்டையில் எழுதித் தொங்கியது. எனக்கும் திறக்கவில்லை! பழைய வாடிக்கை என்று கேட்டுப் பார்த்தேன். "நெறஞ்ச ப்ரீசர் தெறக்காம இருந்தா ரெண்டு நாள் தாங்கும்னு சொல்லுவாங்க. அது கெட்டி மூடி போட்ட வீட்டுப் பெட்டிக்குங்க அம்மிணி. இந்தக் கண்ணாடிக்கும் இந்த வெயிலுக்கும் நான் அத நம்ப மாட்டேனுங்க" என்றார். கோல்டு ரூமிலிருந்து எடுத்துத் தந்தார், அதுவும் எனக்கு வேண்டியது அத்தனையையும் பட்டியலாகச் சொன்ன பிறகு, ஒரே தடவை கதவைத் திறந்து.

செவ்வாய், வெள்ளி காலையில் லோடு இறங்கும். கொச்சிப் பக்கமிருந்து மீன் வண்டி 544ஆம் நெடுஞ்சாலையில் ராத்திரியோடு வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே போய் நின்று முழுசாகப் பார்த்தேன். வண்டி வந்ததும் முதலில் மிசின் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். அப்புறம் வண்டிக்குள் இருந்த பதிவுக் கருவியிலிருந்து ராத்திரி முழுவதற்குமான கணக்கை டிரைவர் காட்டினார். எங்கேயாவது சாப்பிட நிறுத்தி மிசினை அணைத்திருந்தால் அதில் மலை மாதிரி ஒரு மேடு தெரியும். அப்புறம் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று நான்கு இடத்தில் ஊசி. கதவோரம் இருப்பதுதான் அதிகம் சூடாகும், அதனால் அங்கே இரண்டு.

அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு அதுவரை தெரியாது. வண்டியில் இருக்கிற மிசின் குளிரைக் காப்பாற்றுவதற்குத்தான், குளிரை உண்டாக்குவதற்கு இல்லை. ஏற்கெனவே மைனஸ் 18ல் இருக்கிற சாமானை அது மைனஸ் 18லேயே வைத்திருக்கும். மைனஸ் 5ல் ஏற்றினால் ராத்திரி முழுக்க ஓடினாலும் பெரிதாக இறக்காது. அதனால் ஏற்றும் முன்பே வண்டியின் பெட்டியைக் காலியாக மிசின் ஓட்டிக் குளிர வைத்திருக்க வேண்டும், சுவரோடு ஒட்டி அடுக்காமல் காற்றுப் போக வழி விட வேண்டும். 'ஏசி வண்டிங்க' என்று சொல்பவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும் என்று புரிந்தது. உணவு ஏற்றும் தொழிலுக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ உண்டு. கடையில் மாட்டியிருக்கிற 14 இலக்க எண் மாதிரி அவர்களுக்கும் எண் இருக்கும். இவர் பில்லில் அதையும் குறித்துக்கொள்கிறார்.

2025 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் போன். "இன்னைக்குப் பட்டாணி இல்லீங்க அம்மிணி. லோடு மைனஸ் 9ல வந்துச்சுங்க, திருப்பி உட்டுட்டேன்." எனக்குக் கோபம்தான் வந்தது. மதியத்துக்குக் குருமா, 140 பேர். கடைசியில் பீன்ஸும் கேரட்டும் வாங்கிச் சமாளித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யோசித்தேன்: மைனஸ் 9 என்றால் கையில் எடுத்துப் பார்த்தாலும் கல்லாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தே இருக்காது. கோல்டு ரூமில் ஒரு நாள் போட்டு எடுத்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் விற்றிருக்கலாம், விற்கவில்லை. அன்றைக்கு அவருக்குப் பட்டாணி மட்டும் இல்லை, அந்த வண்டியில் வந்த முழு லோடும் வியாபாரம் போயிற்று.

ருசியிலும் இது தெரியும். மெதுவாக உறைந்தால் கறிக்குள் ஐஸ் பெரிய பெரிய ஊசியாக வளர்ந்து சதையைக் கிழிக்கும். இளக்கும்போது சாறெல்லாம் தண்ணீராக இறங்கிவிடும். பழைய ஆளிடம் வாங்கியபோது கோழியை இளக்கினால் தட்டு நிறையத் தண்ணீர் நிற்கும், சில்லி நார் நாராக இருக்கும். இப்போது தட்டில் ஈரம் மட்டும்தான். பையன்கள் வித்தியாசத்தைச் சொன்னார்கள், நான் எதுவும் சொல்லாமலே.

குறைகளும் உண்டு. விலை கிலோவுக்குப் பத்திலிருந்து இருபது ரூபாய் வரை கூட. ஜெனரேட்டர் டீசல் அதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மாதக் கணக்கில் உறைக்கிறது. பரோட்டா ஒரே கம்பெனிதான், கோதுமைப் பரோட்டா கேட்டால் பாதி நாள் இல்லை. ஞாயிறு விடுமுறை. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்துக்கு மேல் மாலை ஐந்து வரை வீட்டுக்கு டெலிவரி கிடையாது; டூ வீலரில் தெர்மாகோல் பெட்டி வைத்து அந்த வெயிலில் அனுப்ப மாட்டேன் என்கிறார். அவசரத்துக்கு இது சிரமம்தான், ஆனால் அவர் செய்வதே சரி. சாமான் கடையை விட்டுப் போனால் திரும்ப எடுப்பதில்லை. முதலில் கறார் என்று நினைத்தேன். நான் வெளியில் கொண்டுபோய் எப்படி வைத்திருந்தேன் என்று தெரியாததைத் திரும்ப வாங்கி இன்னொருவருக்கு விற்றால், பழைய ஆள் செய்த வேலைதானே அது?

இறால் விஷயத்தில் ஒரு மனக்குறை வந்தது. அரைக் கிலோ பாக்கெட், மேலே ஐஸ் பூச்சு கனமாக இருந்தது. அந்தப் பூச்சு தேவைதான், இல்லாவிட்டால் இறால் காய்ந்து வெளுத்துப் போகும். ஆனால் பாக்கெட்டில் போடுகிற நிகர எடையில் அந்த ஐஸைச் சேர்க்கக் கூடாது. வீட்டில் ஐஸைக் கழுவி, வடித்து எடை போட்டால் 415 கிராம். அடுத்த தடவை சொன்னேன். என் கண் முன்னாலேயே இன்னொரு பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீரில் அலசி, வடித்து எடை போட்டார். 420. கம்பெனிக்குப் போட்டோ அனுப்பிவிட்டு அந்த இறாலை நிறுத்திவிட்டார். இப்போது வேறு இறால் வருகிறது, விலை அதிகம், எடை சரியாக இருக்கிறது. எனக்கு அந்த 85 கிராமுக்குப் பணத்தையும் கழித்துக் கொடுத்தார்.

இங்கே வாங்க ஆரம்பித்த பிறகு என் மெஸ்ஸிலும் சில பழக்கம் மாறியது. ஊசித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். கோழியை மேடையில் போட்டு இளக்குவதை விட்டுவிட்டு, முந்தின நாள் ராத்திரியே ப்ரிட்ஜின் கீழ்த் தட்டில், தட்டத்துக்கு மேல் வைக்கிறேன். அப்புறம் அவர் சொல்லிக்கொடுத்த காசு வைத்தியம்: ஒரு டம்ளர் தண்ணீரை ப்ரீசரில் உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்துவிடுவது. ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் காசு மேலேயே இருக்க வேண்டும். அடியில் இருந்தால் நாம் இல்லாதபோது கரண்ட் போய் எல்லாம் இளகி, திரும்ப உறைந்திருக்கிறது என்று அர்த்தம். பொங்கலுக்கு நான்கு நாள் மெஸ் மூடிவிட்டு வந்து திறந்தபோது என் காசு பாதி அமிழ்ந்து சாய்ந்து நின்றது. உள்ளே இருந்த மூன்று கிலோ மீனை யோசிக்காமல் எடுத்துப் போட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: செவ்வாய், வெள்ளி ஏழரைக்குள் போய்விடுங்கள், எட்டு மணிக்கு மேல் அந்த ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மூடி போட்ட ஐஸ் பெட்டி அல்லது தடித்த பை ஒன்றைக் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் தெர்மாகோல் பெட்டிக்கு 60 ரூபாய், திருப்பிக் கொடுத்தால் 50 திரும்பத் தருகிறார். மற்ற கடை வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக இங்கே போங்கள், அப்படியே வீட்டுக்கு. எண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தெர்மாமீட்டர் கல்லாவுக்கு இடது பக்கம், நோட்டுக்கு மேல் ஆணியில் தொங்கும்.